உடன் வருபவர்

பிப்ரவரி 4

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நான் சுகம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது தன் அபிப்பிராயத்தைச் சொல்லிக்கொண்டே வருகிறது. உன் கழுத்து வலி எப்படி? ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தே இருந்தால் கழுத்து என்ன செய்யும், பாவம். நடுநடுவே எழுந்து நட.

இது போனில் சொல்ல வேண்டிய சேதிதான். ஆனால் நகராட்சிப் புகார்ப் பிரிவில் பகல் முழுக்கப் போனும் காதுமாக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அந்தக் கருவியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும் என்பது உனக்குத் தெரியும். உன்னோடாவது பேனாவில் பேசுகிறேன்.

இன்று மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "உக்காருங்கம்மா" என்றார். அவர் யாரையும் உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை. யாரோ என் மேலேயே புகார் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"இந்த வருஷம் சிறந்த பணியாளர் விருது உங்களுக்குத்தான்" என்றார்.

"எங்க பிரிவுக்கா சார்? எங்களுக்குத் திட்டு மட்டும்தானே கொடுப்பாங்க?"

அவர் சிரித்துவிட்டார். சாலைப் பிரிவு, குடிநீர்ப் பிரிவு, வரிப் பிரிவு என்று எல்லோரும் வாங்கியாயிற்று. எங்களுக்கு இதுதான் முதல் தடவை. வேலை முடிந்தபின் நான் புகார் கொடுத்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, "விளக்கு எரியுதா? தண்ணி வருதா?" என்று கேட்பேன் அல்லவா? அதைப் பாராட்டி ஊர்க்காரர்கள் நிறைய பேர் எழுதிப் போட்டிருக்கிறார்களாம். என்னைத் திட்டுகிற அதே வாய்கள்தான். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

விழா ஜூன் மாதம், நகர மண்டபத்தில். விருது வாங்குகிறவர் குடும்பத்தில் ஒருவரை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். உன் மாமா போய் எவ்வளவோ காலம் ஆயிற்று. நான் பெற்ற ஒரே பிள்ளையும் போய் நாலு வருஷம் ஆகப் போகிறது. உன்னை விட்டால் எனக்கு யார்? லீவு சொல்லிவிட்டு வா.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அத்தை


பிப்ரவரி 19

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் எழுதுவது. கழுத்து தேவலை. உங்கள் முழங்காலின் வாயை அடைக்க ஒரு தைலம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேயுங்கள்.

கடிதத்தை வேலைக்கு நடுவில் பிரித்துவிட்டேன். படித்த வேகத்தில், "எங்க அத்தைக்கு விருது!" என்று கத்தியும்விட்டேன். ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தவர் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டார். பரிசோதனைப் பெட்டி கொண்டுவந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர், "என்ன விசேஷம்?" என்று கேட்டு, நீங்கள் திட்டு வாங்கும் கதைகளையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

உங்களுக்குக் கொடுக்க இவ்வளவு நாளா என்றுதான் நான் கேட்பேன். கல்யாணமான புதிதில் உங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அன்று போனில் யாரோ உங்களைப் பன்றி என்று திட்டினார். நீங்கள் குரலை உயர்த்தாமல், "பன்னி பிடிக்கிறது சுகாதாரப் பிரிவுங்க, அங்க மாத்தி விடட்டுமா?" என்று கேட்டீர்கள். வீட்டுக்கு வந்து உங்கள் பிள்ளையிடம் சொன்னபோது அவர் தரையில் உருண்டு சிரித்தார்.

ஜூனில் இங்கே ஆள் குறைவு. லீவு கேட்டுப் பார்க்கிறேன். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஆற்றுப் பாலம் வரை நடந்தோம். காற்று நன்றாக இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
மருமகள்


மார்ச் 8

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை நலம். தைலம் வந்தது. முழங்கால் அடங்கியிருக்கிறது, ஆனால் அதன் வாசனைக்கு ஆபீசில் என் பக்கத்து நாற்காலிக்காரி இடம் மாறிவிட்டாள். நீ சளி கிளி இல்லாமல் இருக்கிறாயா?

நேற்று நிர்வாகப் பிரிவு எழுத்தர் வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடுவாரே, அவர்தான்.

"உடன் வர்றவங்க யாருன்னு சொல்லுங்கம்மா. அழைப்பிதழ்ல அச்சடிக்கணும்."

"என் மருமக."

அவர் விதிகளைப் புரட்டினார். "கணவன், மனைவி, பெத்தவங்க, பிள்ளைங்க. அவ்வளவுதான் போட்டிருக்கு. மருமக இதுல இல்லையே. உங்க பையனும் கூட வந்தா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். அவனுடைய இறப்பைப் பதிவு செய்யப் போன அன்று என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவரே அவர்தான். முகம் சுண்டிப் போயிற்று.

"மன்னிச்சுக்குங்கம்மா. நான் மேல கேட்டு எழுதறேன்."

"கேளுங்க. விதியில இல்லேங்கறதுக்காக அவ எனக்கு இல்லேன்னு ஆயிடாது."

என் குரல் உயர்ந்துவிட்டது. எத்தனையோ பேர் என்னிடம் கத்தியிருக்கிறார்கள். அந்த அறையில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. பிறகு அவருக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன்.

நீ லீவு கேட்டாயா? பாலம் வரை 'நடந்தோம்' என்று எழுதியிருந்தாய். தனியாக நடக்காமல் துணைக்கு ஆள் இருப்பது நல்லதுதான். கூட வேலை செய்கிற பெண்களா?

வெயிலில் குடை எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அத்தை


ஏப்ரல் 30

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருக்கிறீர்களா? இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். நான் நலம். கழுத்தும் நலம். இங்கே காய்ச்சல் பரவியதால் கூடத்தில் நிற்க நேரமில்லை. புது இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. வேலையைக் குறைக்க வந்தது, எங்களைத்தான் வேலை வாங்குகிறது.

லீவு கிடைக்காது போலிருக்கிறது அத்தை. உங்கள் மேல்வீட்டு டீச்சர் உங்களோடு பிரியமாக இருப்பாரே, அவரைக் கூட்டிக்கொண்டு போகலாமே. எழுத்தருக்கும் விதிப் பிரச்சினை இருக்காது.

போட்டோ எடுத்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். தைலம் தீர்ந்ததும் சொல்லுங்கள்.

உங்கள்,
மருமகள்


மே 6

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். உடம்பு நலம். உன் உடம்பும் நலம் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். மற்றதை நம்பவில்லை.

மேல்வீட்டு டீச்சர் நல்லவர்தான். ஆனால் விதியைக் காட்டி ஒதுங்குகிற வழக்கம் உனக்கு இல்லையே! உன் கடிதத்தை நான் படிக்கவில்லை, கேட்டேன். என் வேலையில் வந்த பழக்கம் அது.

பக்கத்து வீட்டுச் சேவல் கூவுகிறது என்று ஒருவர் தினமும் போன் பண்ணுவார். "சேவல் கூவாம பேசவாங்க செய்யும்?" என்று சொல்லிச் சுகாதாரப் பிரிவு ஆட்கள் வைத்துவிடுவார்கள். ஒருநாள் நான், "இந்தச் சேவல் எவ்வளவு நாளா இருக்குங்க?" என்று கேட்டேன். "ரொம்ப வருஷமா இருக்கும்மா" என்றார். "அப்ப இத்தனை நாள் எப்படித் தூங்கினீங்க?" குரலைத் தாழ்த்தி, "சம்சாரம் கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாம்மா" என்றார். வீட்டில் சத்தமே இல்லாமல் போனபிறகுதான் அந்த மனிதருக்குச் சேவல் கேட்டிருக்கிறது.

லீவு, காய்ச்சல், இயந்திரம் எல்லாம் உன் சேவல். போனில் கடைசியாக எல்லோரிடமும் கேட்பதை உன்னிடமும் கேட்கிறேன்: வேற ஏதாவது சொல்லணுமாம்மா?

நான் போனை வைக்கவில்லை. நிதானமாகச் சொல்.

அன்புடன்,
அத்தை


மே 15

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் முழங்கால் நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிறேன். இதற்கு மேல் ஆரம்பத்தை இழுக்க எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு நான் எழுதிய ஆம்புலன்ஸ் ஓட்டுநர்தான். பாலம் வரை நடந்தது அவரோடுதான். 'அவர்' என்று எழுதும்போதெல்லாம் யாரைச் சொல்கிறேன் என்று எனக்கே குழம்புகிறது. அதனால் ஓட்டுநர் என்றே எழுதுகிறேன்.

கல்யாணம் ஆகாதவர். தனியாக இருக்கிறார். நோயாளியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது எவ்வளவு நெரிசலானாலும் சைரன் போட மாட்டார். மற்றவர்கள் போடுவார்கள். "சும்மா போட்டா, நிஜமா போடறப்ப யாரும் ஒதுங்க மாட்டாங்க" என்பார். முதலில் நான் கவனித்தது அதைத்தான். போன வருஷம் கேட்டார். முடியாது என்றேன். அதற்குப் பிறகும் பெட்டி கொண்டுவந்தார், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார், போனார். மறுபடி கேட்கவில்லை. இந்தத் தை கழிந்ததும் நானேதான் கேட்டேன்.

பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று பேசினோம். அப்போது ஓட்டுநர், "உங்க அத்தைகிட்ட சொல்லியாச்சா?" என்றார். இல்லை என்றேன். "அவங்களுக்குத் தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேங்க. எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்ல" என்றார்.

சொல்ல உட்கார்ந்தபோதெல்லாம் உங்களை மறுபடியும் ஒரு தடவை பிள்ளையை இழக்க வைப்பது போல இருந்தது. உங்கள் பக்கத்தில் மேடையில் நிற்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? 'மருமகள்' என்று கூப்பிட்டதும் தலைநிமிர்ந்து நிற்க முடியாதே என்றுதான் லீவைச் சாக்குச் சொன்னேன்.

அவரை நான் மறக்கவில்லை அத்தை. இதை எழுதாமல் முடிக்க முடியவில்லை.

உங்கள்,
மருமகள்


மே 29

அன்புள்ள அத்தைக்கு,

நலம்தானே? பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கோபமென்றால் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

பயத்தில் நேற்று உங்கள் ஆபீஸ் எண்ணுக்குப் போன் பண்ணினேன். நீங்கள்தான் எடுத்தீர்கள். "வணக்கம், புகார்ப் பிரிவு, சொல்லுங்க" என்றீர்கள். குரல் எப்போதும் போல இருந்தது. அது போதும் என்று வைத்துவிட்டேன்.

உங்கள்,
மருமகள்


ஜூன் 3

அன்புள்ள மருமகளுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. போன் பண்ணியது நீதான் என்று தெரியும். சாக்கடை அடைப்புக்கு யாரும் அப்படி மூச்சுவிட மாட்டார்கள். 'பேசு பேசு' என்று மனசுக்குள் சொன்னேன், நீ வைத்துவிட்டாய். நானும் எழுதியிருக்க வேண்டும்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். மடித்துப் பையில் வைத்துவிட்டு, வந்த போன்களையெல்லாம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். வலித்தது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே வலித்தது. எதற்கு வலிக்கிறது என்று தெரியாமல் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

பிறகு தெரிந்தது. நீ இன்னொருவரோடு வாழ்வதில் எனக்கு வலி இல்லை. அவன் தும்மினால் தெருவே திரும்பிப் பார்க்கும். டீயில் பிஸ்கட் விழுந்தால் குழந்தை மாதிரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான். கோபத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்புவான். இதெல்லாம் தெரிந்தவர்கள் உலகத்தில் நாம் இருவர் மட்டும்தான். நீயும் வேறு வீட்டுக்காரி ஆகிவிட்டால் அவனைப் பற்றி நான் யாரிடம் பேசுவேன்? அவ்வளவுதான். எனக்காகப் பயந்திருக்கிறேன். உனக்காக இல்லை.

உனக்காக என்றால் சந்தோஷம்தான். அவன் படுக்கையில் இருந்த அந்த மாதங்களில் நீ அவனைப் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தவள். உனக்கு ஒரு வாழ்க்கை வேண்டும் என்று நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீ விலகிவிடுவாயோ என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

சரி, ஓட்டுநரைப் பற்றி: குறட்டை விடுவாரா? கோபம் வந்தால் கத்துவாரா, உம்மென்று இருப்பாரா? உம்மென்று இருக்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காய்கறி வாங்கத் தெரியுமா?

எழுத்தர் நேற்று வந்து, "மேல கேட்டாச்சு. நீங்க எந்த உறவு சொன்னாலும் போட்டுக்கலாம்னு ஆணையரே சொல்லிட்டார்" என்றார். "இப்போதைக்கு வெறுமையா விடுங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 21. இரண்டு பேரும் வாருங்கள்.

அன்புடன்,
அத்தை


ஜூன் 25

அன்புள்ள அத்தைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். உங்கள் முழங்கால் மேடைப் படிகளை மன்னித்துவிட்டதா?

கூடவே இருந்த உங்களுக்கு விழாவைப் பற்றி எழுதுவது வேடிக்கைதான். ஆனால் மைக்கும் கையுமாக இருந்ததால் நீங்கள் பார்க்காதவை சில உண்டு.

அறிவிப்பாளர், "உடன் வருபவர், இவருடைய..." என்று தாளைப் பார்த்து நிறுத்தினாரே, அப்போது நான் உங்கள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்து அந்த மனிதருக்கு வேர்த்துவிட்டது. நீங்கள் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினீர்கள். பேசப்போகிறீர்கள் என்று மண்டபமே அமைதியானது. நீங்களோ, "வணக்கம், புகார்ப் பிரிவு, சொல்லுங்க" என்றீர்கள்!

சிரிப்பில் கூரை போய்விடும் என்று நினைத்தேன். அதோடு விட்டார்களா? பின்வரிசையிலிருந்து ஒருவர், "எங்க பக்கம் தண்ணி வரலைம்மா!" என்று கத்த, நீங்கள், "எந்தத் தெரு?" என்று கேட்டுவிட்டீர்கள். குடிநீர்ப் பிரிவு அதிகாரி முதல்வரிசையில் நாற்காலிக்குள் சுருங்கியதை நான் பார்த்தேன்.

பிறகு என் தோளில் கைவைத்து, "இவ எங்க வீட்டுப் பொண்ணு. என் மகன் கூட்டிட்டு வந்தான். அவன் போயிட்டான், இவ என்னை விட்டுப் போகல. இவளுக்குக் கல்யாணம் வருது. நான்தான் பண்ணி வைக்கிறேன்" என்றீர்கள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் மறைத்துவிட்டது. முதலில் எழுந்து கைதட்டியது ஆணையர் என்று பிறகுதான் சொன்னார்கள்.

ஓட்டுநர் மூன்றாவது வரிசையில் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர், "உங்க அம்மாவா?" என்று கேட்டாராம். என்ன சொல்வது என்று தெரியாமல், "தெரிஞ்சவங்க" என்றாராம். வீட்டில் சாப்பிடும்போது உங்களை 'மேடம்' என்று கூப்பிட்டதும் நீங்கள் முறைத்தீர்களே, அதிலிருந்து ஆள் ஆடிப்போயிருக்கிறார். ரயிலில் வழி முழுக்க, "அவங்கள நான் என்னன்னு கூப்பிடறது?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் தெரியவில்லை. நீங்களே எழுதிக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டுத் தூங்குங்கள் அத்தை. உங்கள் கையால் சாப்பிட்டு நான் இரண்டு நாளில் பருத்துவிட்டேன்.

உங்கள்,
மருமகள் (வேறு என்ன போடுவது?)


ஜூலை 2

வணக்கம்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். தங்கள் உடல்நலத்தை முதலில் விசாரித்துக்கொள்கிறேன். நான் நலம். அவளும் நலம்.

தாங்கள் கேட்டவற்றுக்குப் பதில்: குறட்டை உண்டு. கோபம் வந்தால் வண்டியைக் கழுவப் போய்விடுவேன். ஆஸ்பத்திரியில் என் வண்டி எப்போதும் பளபளவென்று இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். காய்கறி வாங்கத் தெரியும், கத்தரிக்காய் தவிர.

ஆகஸ்ட் 12 அன்று பதிவு அலுவலகத்தில் நாள் கொடுத்திருக்கிறார்கள். தாங்கள் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் கையெழுத்து தங்களுடையதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. தங்கள் மகனின் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும். அவரைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் நிற்காது. எனக்கு அவரைத் தெரியாது. ஆனால் அவர் தும்மலைப் பற்றி இதுவரை மூன்று கதை கேட்டுவிட்டேன். மிச்சத்தைத் தாங்கள் வந்து சொன்னால் நானும் தெரிந்தவன் ஆவேன்.

தங்களை எப்படி அழைப்பது என்று தயவுசெய்து எழுதவும்.

இப்படிக்கு,
ஓட்டுநர்


ஜூலை 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். நீங்களும் அவளும் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் மேலேயே எழுதிவிட்டேன், பார்த்திருப்பீர்கள். அவள் என்னை அத்தை என்று கூப்பிடுகிறாள், பிள்ளையைப் பெற்றவள் என்பதால். நீங்களும் அத்தை என்றே கூப்பிடுங்கள், பெண்ணைக் கொடுக்கிறவள் என்பதால். நல்லவேளையாக நம் பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல். யாரும் வாயை மாற்றிப் பழக வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் படத்தைப் பற்றி எழுதிய இடத்தை மறுபடி மறுபடி படித்தேன். அதற்குப் பதில் எழுத எனக்கு வரவில்லை. நேரில் வந்து தும்மல் கதைகளாகச் சொல்லிவிடுகிறேன், நிறைய இருக்கிறது.

விருதின் மகிமையைக் கேளுங்கள். மறுநாள் வந்த முதல் போனே, "அம்மா, ரொம்ப சந்தோஷம், வாழ்த்துக்கள். எங்க சாக்கடை இன்னும் அப்படியேதான் இருக்கு" என்றது. நன்றி சொல்லிவிட்டுத் தெருப் பெயரை எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11ஆம் தேதி காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு அவள் வர வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள். பெட்டி கனமாக இருக்கும். முணுமுணுக்காமல் தூக்குங்கள். மாமியார் வருகிறாள் என்றால் அப்படித்தான்.

அன்புடன்,
உங்கள் அத்தை